நீர் யார்?

ஆண்டில் பதினொரு வாரம் மட்டும் ஓடும்
பதினேழாம் எண் வாய்க்கால்.
மார்ச்சில் பனி கழன்று வரும்.
ஜூனில் ஒரு தவளை மிச்சமிருக்கும்,
பிறகு அதுவும் இடம் பார்த்துப் போய்விடும்.
அயோவாவின் வரைபடத்தில்
பென்சில் கோடாகக்கூட அது இல்லை.

எனக்கு அது வாரம் ஒரு புட்டி.
மாநில முத்திரை போட்ட வண்டி,
ஐஸ் பெட்டி, ரப்பர் காலணி,
மூடியில் தேதி எழுத அழியாத மை.
சென்ற செவ்வாய் இருபத்துமூன்று வந்தது,
குடிநீரில் பத்தைத் தாண்டக் கூடாத நைட்ரேட்.
பத்து என்பது வாஷிங்டன் சொன்ன எண்.
ஒன்பதரை என்று நாங்கள் சொல்ல நினைத்தாலும்
எங்கள் சட்டசபையே எங்கள் கையைக்
கட்டிப்போட்டிருக்கிறது:
மேலிடத்தைவிட ஒரு முழம்கூடக்
கண்டிப்பு காட்டாதே.
கட்டிய கையோடு வாங்கும் சம்பளத்தில்தான்
மகளின் பல்லுக்குக் கம்பி போட்டேன்.
குறை சொல்ல வாய் கொஞ்சம் கூசுகிறது.

கான்சாஸ் பக்கமிருந்து ரூபன் ஆர்ச்சுலேட்டா வந்தார்.
கூட்டரசின் ஆள். நல்ல மனிதர்.
ஏழு மணி நேரம் ஓட்டி வந்த முதுகை
நிமிர்த்த முடியாமல் நிமிர்த்தி,
கரையில் முட்டி போட்டு, நாடா பிடித்து,
படிவத்தின் கட்டங்களை உரக்க வாசித்தார்.
ஆண்டு முழுதும் ஓடுவதுண்டா?
படகு போகுமா?
பெரிய ஆற்றை மண்ணுக்கு மேலேயே தொடுகிறதா,
மண்ணுக்கடியிலா?
எல்லாம் சேர்த்து ஒரே கேள்விதான்:
நீர் யார்?
மரியாதையாகத்தான் கேட்டார்.
வாய்க்கால் ஒரு சோளத்தட்டையை
உருட்டிக்கொண்டு போனது.

எங்களுடையதல்ல போலிருக்கிறது, என்றார்.
எங்களுடையதாக இருக்க
உங்களுடையதாக இருக்க வேண்டுமே, என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
சிரித்திருக்கக் கூடாது.
சாலைக்கு அந்தப் பக்கம்
டார்சி ஃபான் ரூக்கெல் நின்றிருந்தாள்,
ஏழு மாத வயிற்றின்மேல் கை வைத்து.

அவள் கிணறு சொந்தக் கிணறு.
சொந்தக் கிணற்றுக்கு வாஷிங்டன் சட்டம் வராது.
மாநிலம் மாவட்டத்தைக் காட்டும்.
மாவட்டம் இலவசமாய் ஒரு புட்டி கொடுக்கும்.
மேட்டில் உள்ள நாலாயிரம் பன்றிகளில்
பாதி அவள் கொழுந்தனுடையவை.
ஞாயிறு மதியம் எல்லோரும் ஒரே மேசை.
கொதிக்க வைத்தால் குறையுமா? என்றாள்.
கூடும், என்றேன்.
அதை மட்டும் தெளிவாகச் சொல்ல
எனக்கு அதிகாரம் இருந்தது.

ராத்திரியில் சில நேரம் கணக்குப் போடுவேன்.
எல்லாம் எங்களிடமே விட்டால்?
எங்கள் சட்டசபையில்
பன்றிகளுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம்.
எங்கள் அழுக்கை ஆறு மிசௌரிக்குக்
கொண்டுபோய்க் கொடுத்துவிடும்,
அங்குள்ளவன் தேர்தலில்
எனக்கு ஓட்டுப் போடப்போவதில்லை.
எல்லாம் ரூபனிடமே விட்டால்?
நாலு மாநிலத்துக்கு ஆறு ஆள்,
அவர் அடுத்த முறை வரும்போது
தவளைகூட இருக்காது.
எந்த மேட்டின் மழை
எந்தக் குழாய் வழியே எப்போது இறங்கும் என்பது
எனக்குத் தெரியும்.
கதவைத் தட்டினால் திறக்க வைக்கும் தாள்
அவரிடம் இருக்கிறது.
தெரிந்தவனிடம் தாள் இல்லை,
தாள் உள்ளவருக்குத் தெரியாது.
இதற்குத்தான் பேர்
ஒத்துழைப்பு என்று கையேட்டில் போட்டிருக்கிறது,
முப்பத்தோராம் பக்கம்.

ரூபன் ஐஸ் கொண்டுவர மறந்திருந்தார்.
என் பெட்டியில் அவர் புட்டிக்கும் இடம் விட்டேன்.
டார்சி உள்ளே போய்
ஊறுகாய் ஜாடி ஒன்றில் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்தாள்.
மூடியில் வெந்தயக்கீரை வாசனை போகவில்லை.
அப்படிப்பட்ட ஜாடியை ஆய்வகம் ஏற்காது.
எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத
அதற்கு ஒரு கட்டம் இல்லை,
என் தாளிலும் சரி, அவர் தாளிலும் சரி.
ரூபன் என்னைப் பார்த்தார்.
நான் ஐஸைக் கிளறி
நடுவில் ஒரு குழி செய்தேன்.

மூடி இறுகவில்லை,
பட்டை போட்டுக் கட்ட வேண்டியிருந்தது.
வாய்க்கால் அதற்குள் சாலைக்கடியில் புகுந்து
அந்தப் பக்கம் போய்விட்டது.